கணக்கில் இல்லாத இன்ஜினியர்

அத்தியாயம் பதினான்கு

காலை எட்டே முக்காலுக்கு வெங்கிட்டுவின் ஃபேன்ஸி கடையில் நின்று நெயில் பாலிஷ் வாங்கிக்கொண்டிருந்தாள் அன்ஸியா. சிவப்பு, நாலு பாட்டில்.

"இருபது வருஷமா என்கிட்ட வாங்குறீங்க," என்றார் வெங்கிட்டு, மீதிச் சில்லறையை நீட்டியபடி. "ஒரு விரல்ல பூசி நான் பார்த்ததில்ல."

"என் விரலுக்கு எதுக்குண்ணே? எல்லாம் சுவருக்குத்தான்."

ஐந்து வேளை தொழுகிறவள் அவள். நகத்தில் பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன் கைகழுவும் தண்ணீர் நகத்தில் படாது என்று, கல்யாணத்தன்றுகூட மருதாணியோடு நிறுத்திக்கொண்டவள். அப்படிப்பட்டவள் மாசம் நாலு பாட்டில் எதற்கு வாங்குகிறாள் என்பது மட்டாஞ்சேரி கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சங்கதிதான். பழைய கட்டடத்தில் விரிசல் கண்டால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து அப்பி ஒட்டிவிடுவாள். கண்ணாடியின்மேல் சிவப்பில் தேதி எழுதுவாள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பேனா, மார்க்கர் எல்லாம் இந்த ஊர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, நெயில் பாலிஷ் தாங்கும். அது அவளுடைய அத்தா மீரான் ராவுத்தர் கண்டுபிடித்த உபாயம். கடையில் போய்க் கேட்க வெட்கப்பட்டு முதல் நாளே மகளைத்தான் அனுப்பினார்.

அத்தா போய் ஏழு வருஷமாயிற்று. அவர் ஆரம்பித்த 'மீரான் அண்ட் சன், கன்சல்டிங் இன்ஜினியர்ஸ்' கம்பெனியை விற்கப் போவதாகத் தம்பி ரயீஸ் சொல்லிப் பத்து நாளாயிற்று. சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கக் காத்திருக்கிறது. பலகையில் இருக்கும் அந்த 'சன்' ரயீஸ்தான். பேர் வைத்தபோது அந்த 'சன்' ஐயா ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்ஜினியரிங் முடித்து அத்தாவோடு ஏணி ஏறிக்கொண்டிருந்தது மகள். பலகையில் மகளுக்கு இடமில்லாமல் போனதற்கு அவள் அன்றைக்கும் அழவில்லை, இன்றைக்கும் அழவில்லை.

அவள் நம்பிக் கிடந்தது வேறொன்றை. அத்தாவின் நாற்பதாம் நாள், யாசீன் ஓதி முடித்த கையோடு ரயீஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, பார்ட்னர்ஷிப் பேப்பர்ல உன் பேர் இல்லன்னு நினைக்காத. என்னிக்கு விக்கிறமோ, அன்னிக்கு மூணுல ஒரு பங்கு உனக்கு." எழுத்தில்லை, சாட்சியில்லை. கூடப்பிறந்தவனிடம் யார் எழுதி வாங்குவார்கள்? அந்த ஒரு வார்த்தைக்காக மாசம் இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு ஏழு வருஷம் ஏணி ஏறினாள். கணவன் சிகாபுதீனின் செருப்புக் கடை வெள்ளத்தில் போய், அவன் இடப்பள்ளியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஏழு வருஷமும் அதுதான் வீட்டுக்கு அரிசி.

இன்றைக்குக் கம்பெனியை மதிப்புப் போட ஆள் வருகிறது. மூன்றில் ஒன்று என்பது எவ்வளவு என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

போன் அடித்தது. ரயீஸ்.

"அக்கா, அந்தப் பொண்ணு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேட்டியா? காசு விஷயம் நான் பார்த்துக்கறேன். நீ வெறுதே வாயைக் குடுக்காத."

"நான் என்னத்தடா வாயைக் குடுக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

*

மதிப்புப் போட வந்தவள் பேர் ஸுப்ரியா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோயம்புத்தூர்க்காரி. சென்னைக் கம்பெனி அனுப்பியிருந்தது. கணக்கு, கம்பெனிப் பேர், போட்டிக்கு யார் யார் என்று மூன்றையும் பார்த்து, எத்தனை ரூபாய் பெறும் என்று எழுதிக்கொடுப்பது அவள் வேலை. "பேப்பரைப் பார்க்குறதுக்கு முன்னாடி உங்க வேலையைப் பார்க்கணும் மேடம்," என்று சுடிதாரோடு ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்ஸியா அவளைப் பஜார் ரோட்டில் பாண்டியராஜனின் மிளகாய்க் கிடங்குக்கு அழைத்துப் போனாள். விருதுநகரிலிருந்து வந்து முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறவர். மேல்மாடியில் மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. எட்டுப் பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸுப்ரியா ஏழு முறை தும்மினாள்.

தெற்குச் சுவரில் ஏணியை வைத்து ஏறிய அன்ஸியா, மூன்றாவது கண்ணாடியைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள். போன மாசம் நாலாம் தேதி என்று அவள் கையால் எழுதியது. தேதிக்கு நடுவே கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. உத்தரம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே.

அவள் இறங்கி வந்தாள். "அண்ணாச்சி, மேல இருக்கிற ஆள் அத்தனை பேரையும் இறக்குங்க."

"இன்ஜினியரம்மா, கப்பலுக்குப் போற லோடும்மா. வெலிங்டன் தீவுல வண்டி காத்துக்கிட்டு இருக்கு."

"வண்டி காத்திருக்கும். சுவர் காத்திருக்காது. இறக்குங்க."

பாண்டியராஜன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். எட்டுப் பேரும் மூட்டையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு இறங்கினார்கள். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டு, "ரிப்போர்ட் எப்பத் தருவீக?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்குக் காலைல. எங்கெங்க முட்டுக் குடுக்கணும்னு அதுல இருக்கும்."

வெளியே வந்ததும் ஸுப்ரியா கேட்டாள். "அவ்வளவுதானா? ஒரு நாள் வியாபாரம் போகுது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே?"

"பேச மாட்டார். நான் சும்மா சொல்ல மாட்டேன்னு தெரியும்."

ஸுப்ரியா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்ஸியாவுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பாவம், பெருமைப்பட அவளுக்கு அன்றைக்குக் கிடைத்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

*

ஆபீஸ் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு ரயீஸ் பிரியாணி வாங்கக் கிளம்பினான். அவனே போனான். வந்தவளைக் குளிர வைக்க வேண்டுமே. போகிற போக்கில் அக்காவைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனான்.

ஸுப்ரியா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "மேடம், ஒரு சந்தேகம். உங்க கம்பெனியில இன்ஜினியர் யாரு?"

அன்ஸியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலைல யாரு ஏணி ஏறினது?"

"அது தெரியுது. புக்ஸ்லதான் தெரியல. ஏழு வருஷக் கணக்கும் பார்த்துட்டேன். டைப்பிஸ்டுக்குச் சம்பளம் இருக்கு. டிரைவருக்கு இருக்கு. தண்ணி கேன் போடுறவருக்குக்கூட இருக்கு. இன்ஜினியர்னு ஒருத்தருக்கும் ஒரு ரூபாய் போகல."

"எனக்கு மாசம் இருபத்திரண்டாயிரம் வருதே."

"எப்படி வருது? பேங்க்லயா?"

"ரொக்கமா. ஒண்ணாம் தேதி அம்மா கையால வாங்கிக்குவேன். கவர்ல போட்டு வச்சிருப்பாங்க."

சொல்லும்போதே அது கொஞ்சம் விநோதமாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுச் சம்பளத்தை ஏன் அம்மா வீட்டில் போய் வாங்குகிறோம் என்று ஏழு வருஷத்தில் அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. பெரிய மனுஷி கையால் வாங்கினால் பரக்கத், காசு பெருகும் என்று ரயீஸ் சொல்லியிருந்தான். அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டாள்.

ஸுப்ரியாவின் விரல் வேகமாகத் தேடியது. பிறகு நின்றது. அவள் தயங்கித் தயங்கித் திரையை அன்ஸியாவின் பக்கம் திருப்பினாள்.

"இது நீங்கதானா பாருங்க."

*தர்மம் – ஜகாத். எம். அன்ஸியா, சகோதரி, ஏழை. தாயார் மூலம். ரூ. 22,000.*

அடுத்த மாசமும் அதே. அதற்கடுத்த மாசமும் அதே. எண்பத்து நாலு மாசம், ஒரு வரி விடாமல்.

"ஜகாத்னா என்ன மேடம்? நன்கொடை மாதிரியா?" உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள் அந்தப் பெண்.

அன்ஸியா விளக்கம் சொன்னாள். குரல் நடுங்காமல் சொன்னாள் என்பதுதான் ஆச்சரியம். "வசதி உள்ளவங்க வருஷா வருஷம் சொத்துல நாற்பதுல ஒரு பங்கை ஏழைங்களுக்குக் குடுக்கணும். இஷ்டம் இல்ல, கடமை. குடுக்கலன்னா அல்லாட்ட கடன்."

"அப்போ நீங்க வேலை பார்த்ததுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல போல."

கேட்டீர்களா இந்த அநியாயத்தை? ஒரே கவரில் இரண்டு கடனை அடைத்திருக்கிறான் தம்பி. அக்காவுக்குக் கூலி கொடுத்த மாதிரியும் ஆயிற்று, ஆண்டவனுக்குக் கணக்குத் தீர்த்த மாதிரியும் ஆயிற்று. நோன்பு மாசம் வந்தால் பள்ளிவாசலில் நாலு பேர் நடுவில், "ஜகாத் நான் ஒரு வருஷமும் பாக்கி வச்சதில்ல" என்பான் ரயீஸ். அதைக் கேட்டுவிட்டு வந்து சிகாபுதீனிடம், "என் தம்பி எதுல குறை வச்சாலும் அதுல குறை வைக்க மாட்டான்" என்று இவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

ஏழை என்ற சொல்லில்தான் அவள் கண் போய்ப் போய் நின்றது. அவர்கள் வீட்டில் கஷ்டம் உண்டு. ஆனால் உழைத்துச் சாப்பிடுகிறோம் என்று அவள் இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸுப்ரியா ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள். "மேடம், மத்ததையும் சொல்லிடறேன். உங்களுக்குத் தெரியணும். கம்பெனிப் பேரும் போர்டுல இருக்கிற அந்தக் கலங்கரை விளக்குப் படமும் டிரேட்மார்க் பண்ணியிருக்கு. பட்சே, கம்பெனி பேர்ல இல்ல. உங்க அப்பாவோட சொந்தப் பேர்ல."

"'பட்சே'யா? அதுக்குள்ள இந்த ஊர் மலையாளம் ஒட்டிக்கிச்சே," என்றாள் அன்ஸியா. அந்த நேரத்திலும் அவளுக்கு அது கேட்டது.

"மூணு நாளா இந்த ஊரைச் சுத்தி விசாரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்." ஸுப்ரியா லேசாகச் சிரித்தாள். "அவர் இறந்த பிறகு யாரும் மாத்தல. அதனால வாரிசுங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் அந்தப் பேரை விக்க முடியும். உங்க அம்மா, தம்பி, நீங்க."

அத்தா எந்தப் பாரத்திலும் தன் பேரைத்தான் எழுதுவார். கரண்ட் பில் முதல் கம்பெனி முத்திரை வரை. கம்பெனி வேறு, மீரான் ராவுத்தர் வேறு என்று அவர் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

"கடைசியா, போட்டி," என்றாள் ஸுப்ரியா. "உங்களுக்கு நேர் போட்டின்னா சாய்கிருஷ்ணாவோட 'நங்கூரம்' கம்பெனிதான். எர்ணாகுளத்துல பெரிய ஆபீஸ், லேசர் மெஷின், பதினெட்டு இன்ஜினியர். அவங்களும் உங்களைப் பார்த்துக் கண்ணாடி ஒட்டுறாங்க. நீல மார்க்கர்ல தேதி போட்டிருக்காங்க. நான் பார்த்த நாலுல மூணு அழிஞ்சு போச்சு. விலை உங்களைவிடக் குறைவு. இருந்தும் உங்க கஸ்டமர் ஒருத்தர்கூட அங்க போகல. ஏன்னு தெரிஞ்சுக்க எட்டுப் பேருக்குப் போன் பண்ணேன். ஆறு பேருக்குக் கம்பெனி பேரே தெரியல. 'சிவப்புக் கண்ணாடி மேடமா' அப்படின்னுதான் கேட்டாங்க."

படியில் ரயீஸின் செருப்புச் சத்தம் கேட்டது.

*

பிரியாணிப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. ஸுப்ரியா ரயீஸிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"சார், இப்போ இருக்கிற புக்ஸ்படி உங்களது இன்ஜினியர் இல்லாத இன்ஜினியரிங் கம்பெனி. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏணி, இந்த ரூம் அட்வான்ஸ். அவ்வளவுதான் மதிப்பு. மேடம் ஸ்டாஃப்தான், அவங்களுக்குப் போனது சம்பளம்தான், இன்னும் மூணு வருஷம் இருப்பாங்கன்னு எழுத்துல குடுத்தா ரெண்டு கோடியே பத்து லட்சம் வரைக்கும் நான் எழுதலாம். கணக்கைத் திருத்தி, விட்டுப்போன வரியும் கட்டணும். டிரேட்மார்க்குக்கு மூணு பேர் கையெழுத்து தனி. நாளை மறுநாள் ரிப்போர்ட் அனுப்பணும்."

"அது ஒரு மேட்டரே இல்ல மேடம். ஆடிட்டர் தெரியாம எழுதிட்டார். அக்கா ஸ்டாஃப்தான். சாயங்காலமே சைன் வாங்கித் தரேன்."

ஸுப்ரியா இரண்டு தாளை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஒன்று சம்பளத் தாள், இன்னொன்று இரண்டு நாள் முன்பே ரயீஸிடம் கொடுத்துத் திரும்ப வாங்கியிருந்த டிரேட்மார்க் தாள். படியிறங்கும் முன் அன்ஸியாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

கதவு சாத்தியதும் ரயீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தான். "அக்கா, பேப்பர்ல என்ன எழுதியிருந்தா என்ன? காசு உன் கைக்கு வந்துச்சுல்ல?"

"ஏழைன்னு எழுதியிருக்க."

"அது கணக்குல ஒரு கட்டம். அதுல ஏதாவது எழுதணும்ல."

"மூணுல ஒண்ணுன்னு சொன்னியே, அதுவாவது நிஜமா?"

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தான், திரும்பக் கட்டினான். "அன்னிக்கு நிலைமை வேற. லோன் இருக்கு, டாக்ஸ் இருக்கு. பத்து லட்சம் தரேன் அக்கா. உன் வீட்டு நிலைமைக்கு அது பெரிய காசு. கொழப்பமில்ல, சாயங்காலம் வீட்டுக்கு வா. அம்மா முன்னாடி வச்சே தரேன்."

அவள் இரண்டு தாளையும் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பத்து லட்சமா என்று கேட்கவில்லை. அதைக் கேட்டுப் பேரம் பேச ஆரம்பித்தால் வாயில் வரும் வார்த்தை வேறாக இருக்கும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

*

சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம். அம்மா வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. இருபதாம் தேதி அம்மாவும் ரயீஸும் உம்ராவுக்கு மக்கா போகிறார்கள். அம்மா சகீலா, அறுபத்தெட்டு வயசு, ரயீஸ் அங்கே உடுத்தப்போகும் வெள்ளை இஹ்ராம் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஷம்சியா சாயாவை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"வா அன்ஸி," என்றாள் அம்மா. "இன்னிக்கு ஒண்ணாம் தேதியில்ல." தலையணைக்கு அடியிலிருந்து வெள்ளைக் கவரை எடுத்தாள். "பிஸ்மி சொல்லி வாங்கிக்க."

இரண்டு கையாலும்தான் நீட்டினாள். எப்போதும் அப்படித்தான் நீட்டுவாள்.

அன்ஸியா கையை நீட்டவில்லை. "இது என்ன காசும்மா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. சோபாவிலிருந்த ரயீஸ் நிமிர்ந்தான். "அக்கா, அதெல்லாம் வேண்டாம். பேப்பரை எடு, சைன் பண்ணு, முடிஞ்சுது."

"நான் அம்மாட்ட கேட்கிறேன்."

அம்மா கவரை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் முந்தானையைச் சரிசெய்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அன்ஸியா நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம், அம்மாவுக்குத் தெரிந்திருக்காது, அம்மா கவரைக் கொடுக்கிறவள் மட்டும்தான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வந்தாள்.

"நான்தான் சொன்னேன் அவன்ட்ட," என்றாள் அம்மா. "சிகாபு கடை போயிடுச்சு. நீ கஷ்டப்பட்ட. வருஷா வருஷம் அவன் யார் யாருக்கோ குடுக்குறான். வெளில போற ஜகாத்து என் வயித்துல பொறந்தவளுக்குப் போகட்டுமேன்னு சொன்னேன். அதுல என்னடி தப்பு?"

"நான் வேலை பார்த்தேன்மா. வெயில்ல, மழையில, ஏணி மேல. அது கூலி."

"எல்லாம் ஒரே வீட்டுக் காசுதானே."

"ஒரே வீட்டுக் காசுன்னா அவன் ஏன் பங்கு எடுக்குறான், நான் ஏன் ஜகாத்து எடுக்குறேன்?"

ரயீஸ் எழுந்து நின்றான். "சரிக்கா. சம்பளம்தான். நான் ஒத்துக்கறேன். பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கு, இருபத்திரண்டாயிரம் சம்பளம்னு. சைன் பண்ணு."

அன்ஸியா இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லு ரயீஸ். அது சம்பளம்னா, ஏழு வருஷமா நீ ஜகாத்துக் குடுக்கல. பதினெட்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். ஆட்டோவுல கணக்குப் போட்டுட்டேன். அது அல்லாட்ட பாக்கி. அந்தப் பாக்கியோட இஹ்ராம் கட்டப் போறியா?"

"அக்கா, அது..."

"ஜகாத்துன்னா உன் பாக்கி தீர்ந்துச்சு. ஆனா உன் கம்பெனியில இன்ஜினியர் இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு. சம்பளமா, ஜகாத்தா?"

"ரெண்டும்தான்," என்றான் அவன்.

"ரெண்டும் ஆகாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போடு. அவரே சொல்லட்டும்."

ரயீஸ் போனை எடுக்கவில்லை. அவன் கண் தாளுக்கும் பெட்டிக்கும் நடுவே போய் வந்தது. இரண்டு கோடியே பத்து லட்சம் ஒரு பக்கம். மறுபக்கம், திறந்து கிடந்த பெட்டியில் அம்மா மடித்து வைத்த வெள்ளைத் துணி. "சம்..." என்று அவன் வாயெடுத்தான்.

"சும்மா இரு," என்றாள் அம்மா.

அவள் எழுந்து மகனுக்கு முன்னால் வந்து நின்றாள். அன்ஸியாவின் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். "அது ஜகாத்துதான். ஜகாத்துன்னு மனசுல நிய்யத்து வச்சு நான் கையால குடுத்தேன், நீ கையால வாங்கின. என் மகன் படைச்சவன்ட்ட கடன்காரனாப் போக நான் விட மாட்டேன்."

"அம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரியுதா?" ரயீஸின் குரல் உடைந்தது. "ரெண்டு கோடிம்மா."

"தெரியுது. காசு போனா நீ சம்பாரிச்சுக்குவ."

மகனுக்கு மறுமை போய்விடக் கூடாது. அதற்கு ஈடாக மகளின் ஏழு வருஷ உழைப்பைத் தூக்கிப் பிச்சையில் போட்டாலும் பரவாயில்லை. பெற்றவள் யோசித்துத்தான் சொன்னாள், ஆத்திரத்தில் சொல்லவில்லை. அன்ஸியாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் ஏழையின் அழுகை என்று எழுதிவிடுவார்கள் என்று நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

"சரிம்மா," என்றாள். "அப்போ இதை ஒரு ஏழைக்குக் குடுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். உள்ளே இரண்டு தாளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. சம்பளத் தாளுக்கு இனி வேலையில்லை. அத்தாவின் பேரை விற்கும் தாளில் மூன்று கோடு இருந்தது. இரண்டு கோட்டில் அம்மாவும் ரயீஸும் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார்கள், அவளுக்கு முன்னாடியே.

அவள் செருப்பை மாட்டும்போது ரயீஸ் வாசலுக்கு ஓடி வந்தான். "அக்கா, பாண்டியராஜன் கிடங்கு ரிப்போர்ட் நாளைக்குக் காலைல போகணும். யாரு சைன் பண்றது?"

"கம்பெனியில யாரு இன்ஜினியரோ, அவங்க."

*

தெருமுனைவரை வந்துவிட்டாள். கால் தன்னால் நின்றது. கம்பெனி எக்கேடோ கெடட்டும். அந்தச் சுவர் நிற்கவேண்டுமே. ரிப்போர்ட் வரவில்லை என்றால் நாளைக்கு மத்தியானம் பாண்டியராஜன் பூட்டைத் திறந்துவிடுவார். எட்டுப் பேரும் மேலே ஏறுவார்கள். வண்டி காத்திருக்கிறது என்று காலையிலேயே புலம்பினார்.

போனை எடுத்தாள். சாய்கிருஷ்ணாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால் இருந்தது. நங்கூரத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவன் கூப்பிடுவது இது நாலாவது தடவை. கம்பெனி விற்கப்போகிற சங்கதி அதற்குள் எர்ணாகுளம் வரை போய்விட்டது போலிருக்கிறது. அவள் அதை அப்படியே விட்டுவிட்டுப் பாண்டியராஜனின் நம்பரைப் போட்டாள்.

"அண்ணாச்சி, ரிப்போர்ட் சொன்னபடி காலைல வந்துடும். அதுவரைக்கும் பூட்டைத் திறக்காதீங்க."

"திறக்க மாட்டேம்மா. நீங்க சொல்லிட்டீகள்ல."

"ஒரு விஷயம். இது கம்பெனித் தாள்ல வராது. வெள்ளைத் தாள்ல, என் பேர்ல, என் கையெழுத்துல வரும். சம்மதமா?"

"எனக்கென்னம்மா? நான் எப்பவும் உங்க வாய்ச்சொல்லைத்தான் பார்த்தேன். அந்த விளக்குப் படத்தையா பார்த்தேன்?" பிறகு வியாபாரிக்கே உரிய நிதானத்தோடு கேட்டார். "அப்ப பீஸ் யாருக்கு? தம்பிக்கா, உங்களுக்கா?"

"எனக்கு," என்றாள் அன்ஸியா.

"சரி. எவ்வளவுன்னு சொல்லுங்க. காலைலயே எடுத்து வச்சிடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு சுவருக்கு எத்தனை கம்பி, எத்தனை மூட்டை தாங்கும், எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால் உறக்கத்தில்கூடச் சொல்லுவாள். வேலை பார்த்த இருபத்திரண்டு வருஷத்தில், உங்களுக்கு எவ்வளவு என்ற இந்தக் கேள்வியை மட்டும் அவளிடம் யாருமே கேட்டதில்லை.

"ஹலோ? இன்ஜினியரம்மா? லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் அண்ணாச்சி," என்றாள். தன் வேலைக்கு என்ன விலை என்று முதல் தடவையாக மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள்.